ஒரு பட்டன் போடும் நேரம்

பக்கவாதத்துக்குப் பின் கழுத்தில் ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாள், அம்மா அப்பாவின் வலது கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அடைப்பு எடுத்துட்டாங்க இல்ல, இனிமே கை வந்துரும்” என்றாள். அவளிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அவள் நினைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. பெங்களூர் நீலசந்திராவில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குக் குழாயையும் அடைப்பையும் பற்றி ஒருவர் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அடைப்பை எடுத்தால் தண்ணீர் வரும். கழுத்து ரத்தக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்தாகிவிட்டது. பிறகு கை ஏன் வராது?

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். “இது போன கைக்கு வைத்தியம் இல்லைம்மா. இன்னொரு தடவை வராம இருக்கறதுக்கு.” அம்மா தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன். அந்த இரண்டு வாக்கியங்கள் எங்கள் வீட்டுக்கு உறைக்க ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் நாங்கள் செய்த தவறுகளைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தெருவிலேயே அடுத்த வீட்டுக்குப் பக்கவாதம் வந்தால் அவர்களுக்கு அந்த ஆறு மாதம் மிச்சமாகட்டும்.

தாடைக்குக் கீழே, தொண்டைக்கு இரு பக்கமும் விரல் வைத்தால் துடிப்பது கரோட்டிட் ரத்தக் குழாய். மயக்கம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. அந்த இடத்தை அழுத்தினால் மனிதன் சாய்ந்துவிடுவான் என்பதைப் பழங்காலத்தவர் கண்டிருந்தார்கள். தாடை எலும்பை நெருங்கும் இடத்தில் குழாய் இரண்டாகக் கவை பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்குப் போகிறது, மற்றது மூளைக்கும் கண்ணுக்கும். வாய்க்கால் பிரியும் இடத்தில் வண்டல் சேருவதுபோல அந்தக் கவையில்தான் கொழுப்பும் சுண்ணாம்பும் படிகின்றன. பிபி, சுகர், பீடி, வயது எல்லாம் சேர்ந்து பல வருடம் கட்டிய படிவு அது. ஒருநாள் அதன் மேல்தோல் கிழிந்து ரத்தம் உறைகிறது. உறைந்த துணுக்கு பெயர்ந்து மேலே போய் ஒரு கிளையை அடைத்துக்கொள்கிறது. மூளையின் பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-ல் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கணக்கிட்டார். செத்த அணுவை எந்தக் கம்பிவலையும் எழுப்புவதில்லை.

கழுத்தில் வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழல் அந்தப் படிவைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. மறுபடி துணுக்கு பெயராமல் காப்பதே அதன் வேலை. இந்தக் காவல் சின்ன விஷயம் என்று எண்ணிவிடக் கூடாது. ஸ்டென்ட் வருவதற்கு முன்பே, கழுத்தைத் திறந்து படிவைச் சுரண்டி எடுக்கும் அறுவை இருந்தது. 1991-ல் வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றில், ஒருமுறை அறிகுறி வந்து 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் இருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்துக்கொண்ட 100 பேரில் 26 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் அதே பக்கத்தில் மீண்டும் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் அது 9 ஆகக் குறைந்தது. 2010-ல் வெளிவந்த கிரெஸ்ட் என்ற ஆய்வு, 2,502 பேரை வைத்து ஸ்டென்டையும் அறுவையையும் ஒப்பிட்டது. மொத்தத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். 70 வயதுக்குக் கீழே ஸ்டென்ட் பக்கமும், அதற்கு மேலே அறுவை பக்கமும் தராசு சாய்ந்தது. அப்பாவுக்கு அப்போது 64. எதிர்காலத்துக்கு ஒரு வேலி கிடைத்துவிட்டது. நாங்களோ வேலியைப் பார்த்துக்கொண்டு, விளைந்துவிட்டது என்று நினைத்தோம்.

அப்பா பெயின்டர். ரிச்மண்ட் டவுன், ஆஸ்டின் டவுன், லாங்ஃபோர்ட் டவுன் என்று சுற்றிலும் உள்ள பழைய பங்களாக்களில் முப்பது வருடம் பட்டி பார்த்து ரோலர் ஓட்டியவர். பக்கவாதத்துக்குப் பதினோரு நாள் முன்பு, ஏணியில் நிற்கும்போது இடது கண்ணில் மேலேயிருந்து திரை இறங்கியதுபோல இருட்டியிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. “பெயின்ட் வாடை” என்று சொல்லி வேலையைத் தொடர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவரைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புதுக் கண்ணாடிக்கு அளவெடுத்தேன். இடது கழுத்தில் உள்ள குழாய் அடைபட்டால் இருளுவது இடது கண். விழுவது வலது கை, போவது பேச்சு. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்ட இருட்டு, தேறிவிட்டதற்கு அடையாளம் என்று அன்று நினைத்தேன். அது கதவைத் தட்டிவிட்டுப் போன முதல் தட்டு. அப்படி ஒன்று வந்தால் அடுத்து வரும் சில நாட்களே மிகவும் ஆபத்தானவை. அன்றே போயிருக்க வேண்டிய இடங்கள் எங்களுக்கு எட்டாத தூரத்திலும் இல்லை. பக்கத்திலேயே செயின்ட் ஃபிலோமினா ஆஸ்பத்திரி இருக்கிறது. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ், கோரமங்களா பக்கம் செயின்ட் ஜான்ஸ் என்று எல்லாமே ஒரு ஆட்டோ தூரம்தான். நாட்டின் வேறு மூலைகளிலிருந்து ரயிலேறி வந்து நிம்ஹான்ஸ் வாசலில் காத்திருக்கிறார்கள். அதன் நிழலில் குடியிருக்கும் நாங்கள் கண்ணாடிக் கடைக்குப் போனோம்.

ஸ்டென்ட் வைத்தபோது, அப்பாவின் தொடை இடுக்கில் ஊசிப்புண் அளவு துளையிட்டு, உள்ளே கம்பியை ஏற்றிக் கழுத்துவரை கொண்டுபோனார்கள். பெயரும் துணுக்குகள் மூளைக்குப் போகாமலிருக்க மேலே ஒரு சின்ன வடிகட்டியை விரித்து வைப்பார்களாம். பலூன் ஊதும்போது அந்தக் கவையில் உள்ள அழுத்தமறியும் நரம்புகள் தூண்டப்பட்டு நாடி சட்டென்று இறங்கும். அதற்கும் மருந்து தயாராக இருக்கும். பிறகு வருவது எதிர்ப்பக்கத்து ஆபத்து. பல வருடம் சொட்டுச் சொட்டாக ரத்தம் கண்ட மூளைக்குத் திடீரென்று முழு ஓட்டம் வருகிறது. பிபி ஏறினால் தலைவலி, வலிப்பு, அரிதாக ரத்தக்கசிவு. அதனால்தான் முதல் சில வாரங்கள் பிபியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அதைச் சரியாகச் செய்தோம். கருவி வாங்கி, காலண்டரில் தேதி தேதியாக எழுதினோம்.

எவர் எந்த அளவு தேறுவார் என்பதில் மருத்துவர்கள் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. முதல் அடி எவ்வளவு பெரியது, எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார், வயது என்ன, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, மறுபக்கக் குழாயின் நிலை என்ன, முன்பே பக்கவாதம் வந்திருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். டிஸ்சார்ஜ் தாளில் இவற்றில் பெரும்பாலானவை இருந்தன. எங்கள் வீட்டு மாடிப்படியைப் பற்றி அந்தத் தாளில் எதுவும் இல்லை.

அப்போது எங்கள் வீடு இரண்டாம் மாடி. பஜார் தெருவுக்குப் பின்னால் உள்ள சந்துகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படிகள் தெரியும். வீட்டுக்கு வெளியே சுவரை ஒட்டிச் செங்குத்தாக ஏறும். ஒரு ஆள் போனால் எதிரே இன்னொருவர் வர முடியாது. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் வலது கைக்கு. அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் மேலே தூக்கி வந்தார்கள். அதன்பின் நாற்பது நாள் அவர் தரையை மிதிக்கவில்லை. படுக்கை, நாற்காலி, டிவி. பிசியோவுக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நாலு பேரை எங்கே தேடுவது? மூளை தன்னைத் திருத்திக்கொள்ள மிகவும் முனைந்து நிற்கும் காலம் முதல் மூன்று மாதம். அதில் ஏறக்குறைய பாதியை ஒரு படிக்கட்டு தின்றது.

அந்த நாட்களில் ஆலோசனைக்குக் குறைவில்லை. புறா ரத்தம் தடவினால் கை வரும் என்றார் ஒருவர். தருமபுரிப் பக்கம் ஒரு வைத்தியர் இருப்பதாகவும், மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் அவரிடம் போக வேண்டும் என்றும் சொன்னார் இன்னொருவர். முடிதிருத்துபவரை வீட்டுக்கு வரவழைத்தபோது, அவர் அன்பாக அப்பாவின் கழுத்தைப் பிடித்துச் சொடக்கு எடுக்கப் போனார். நல்லவேளை, அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பதால் நல்ல குழாயே உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவதுண்டு. ஸ்டென்ட் இருக்கும் கழுத்தை யாரும் தொட விடக் கூடாது.

மாத்திரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துக் கொடுப்பார்கள். குறைந்தது ஒரு மாதம், பெரும்பாலும் அதற்கும் மேலே. பிறகு ஒன்று நின்று, மற்றது ஆயுளுக்கும் தொடரும். “உடம்புக்குச் சூடு” என்று விட்டுவிடுவதும், பல் பிடுங்குவதற்காகத் தானாக நிறுத்துவதும், ஊருக்குப் போகும்போது மறந்து போவதும், புதுக் கம்பியின்மேல் ரத்தம் உறைவதற்கு வழி திறந்து வைப்பதாகும். நிறுத்தச் சொல்லும் உரிமை ஸ்டென்ட் வைத்த மருத்துவருக்கு மட்டுமே உண்டு. பீடிக்கும் இதே கண்டிப்பு. அப்பா முப்பது வருடப் பீடியை ஒரே நாளில் விட்டார். வாயில் சொல் வராதவர், கட்டுப் பீடியை நீட்டிய நண்பரின் கையை இடது கையால் மெல்ல மூடி விட்டார்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் நான் அப்பாவைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, பட்டன் மாட்டி, தலைவாரி, இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டுக் கிளம்புவேன். பக்கத்து வீடுகளில் என்னைப் பற்றி நல்ல பேச்சு. பெற்ற பிள்ளை என்றால் இப்படி இருக்கணும் என்றார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. நாற்பத்தோராம் நாள், தெரிந்தவர் ஒருவர் வழியாக, பிசியோதெரபி படித்த ஒரு கன்னடப் பெண் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அசைவு இருக்கிறது என்றாள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர முயல்கின்றன, இதை யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டாள். அப்போது அப்பா சட்டையை எடுத்தார். வழக்கம்போல நான் பட்டன் போட முன்னால் போனேன். அவள் என் கையைத் தடுத்து, “அவரே ஹாக்கொள்ளலி, பிடி” என்றாள்.

அவரே போட்டுக்கொள்ளட்டும், விடுங்கள் என்று அர்த்தம். மறக்காமலிருக்க அதைக் காலண்டரில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தேன். கன்னடத்தில் ‘விடுங்கள்’ என்பது தமிழ் எழுத்தில் ‘பிடி’ என்று விழுந்தது. ஒவ்வொரு நாளும் அதைப் படிக்கும்போது, நாற்பது நாளாக நான் எதை விட வேண்டிய இடத்தில் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது உறுத்தியது.

அன்று அந்த முதல் பட்டனுக்கு அப்பாவுக்குப் பதினான்கு நிமிடம் பிடித்தது. அந்தப் பதினான்கு நிமிடம் சும்மா நிற்பதைப்போல ஒரு கடினமான வேலையை நான் செய்ததில்லை. என் கைகள் இரண்டு முறை தாமாகவே முன்னால் போயின. அவர் நெற்றியில் வேர்வை. பட்டன் துளைக்குள் பாதி போய் நழுவும். மறுபடி ஆரம்பிப்பார். பயன்படுத்தாத கையை மூளை கைவிட்டுவிடுகிறது என்பதை எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் பல காலம் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். நல்ல கையைக் கட்டிவைத்துவிட்டு, பலமிழந்த கையாலேயே வேலை செய்யவைக்கும் பயிற்சி அந்த அறிவிலிருந்து வந்தது. நான் அப்பாவுக்கு நல்ல கையாக இருந்துவிட்டேன். பிள்ளையின் கை இருக்கும்போது தன் கை எதற்கு என்று அவர் மூளை முடிவுசெய்ய நான்தான் நாற்பது காலையும் உதவினேன்.

அன்பு மட்டும் போதும் என்று நினைக்கும் நம் பழக்கத்தை இந்தியாவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வந்தது. வீட்டார் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவர் மூலமாகவே மறுவாழ்வுப் பயிற்சி நடத்தினால் நோயாளி தேறுவாரா என்பது கேள்வி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் இரண்டு பக்கமும் ஒரே அளவு, 47 சதவீதம். படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, பிறகு ஒருவித நிம்மதியும் வந்தது. குடும்பம் தோற்றுவிட்டது என்று நான் அதைப் படிக்கவில்லை. தேர்ந்த கைகள் செய்ய வேண்டிய வேலையைக் குடும்பத்தின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு, பாசம் பார்த்துக்கொள்ளும் என்று நாடு ஒதுங்க முடியாது என்பதையே அந்த எண் சொல்வதாக எடுத்துக்கொண்டேன்.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வீட்டில் தமிழ், மேஸ்திரிகளிடம் கன்னடம், கீழ்வீட்டு ஆப்பாவிடம் (அக்காவிடம்) தக்கனி உருது, கடையில் தெலுங்கு. நீலசந்திராவில் இது பெரிய படிப்பு இல்லை. தெருவில் இறங்கினால் வந்துவிடும். நாலும் ஒரே மதியத்தில் போயின. புரிந்தது, சொல்ல வரவில்லை. பார்க்க வந்தவர்கள் அவருக்குக் காது கேட்காது என்பதுபோலக் கத்தினார்கள். இன்னும் சிலர் அவர் முன்னாலேயே, “இனிமே அவ்ளோதான்” என்று அம்மாவிடம் சொன்னார்கள். நானும் அவர் ஒரு சொல்லைத் தேடித் தவிக்கும்போது முந்திக்கொண்டு அதைச் சொல்லி முடித்தேன். பட்டன் கதைதான் அதுவும்.

இப்போது நிம்ஹான்ஸில் இருக்கும் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி, ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தில் 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்தார். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்குப் பக்கவாதத்துக்குப் பின்னும் சிந்தனைத் திறன் பழுதில்லாமல் இருந்தது. ஒரே மொழி பேசுபவர்களில் அது 20 சதவீதம்தான். பேச்சிழப்பில் மட்டும் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. பல மொழி பேச்சைக் காப்பாற்றவில்லை, பேச்சுக்குப் பின்னால் இருக்கும் மனிதனைக் காத்தது. அந்த ஊமை நாட்களில் அப்பா எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “இனிமே அவ்ளோதான்” என்பதை நாலு மொழியிலும் புரிந்துகொண்டிருக்கிறார். முதல் சொல் வந்தது தமிழில் அல்ல. ஆப்பா சேமியா பாயசம் கொண்டுவந்த நாளில், “பானி” என்றார். ஆப்பா அழுதுவிட்டாள். அம்மாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

அந்த ஆப்பாதான் படிக்கட்டையும் தீர்த்துவைத்தாள். அவர்கள் இருந்தது கீழ்வீடு. ஒருநாள் மேலே வந்து, “நாங்க மேல வந்துர்றோம், நீங்க கீழ போங்க” என்றாள். லீஸ் பணமெல்லாம் அப்படியே இருக்கட்டும், வீட்டுக்காரரிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுச் சாமான்களும் அந்த ஒற்றையாள் படியில் ஏறி இறங்கின. அப்பா தேறியதற்குக் காரணங்களை வரிசைப்படுத்தச் சொன்னால், மருத்துவர்களுக்கு அடுத்து இதைத்தான் எழுதுவேன்.

எல்லாத் தெருவிலும் ஓர் ஆப்பா இருப்பாள் என்று நம்பி வாழ முடியாது. அரசு காப்பீட்டில் ஆஸ்பத்திரிச் செலவின் பெரும்பகுதி கழிந்தது. அதன்பின் வந்த மாதங்களைச் சுமந்தவள் அம்மா. இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்த்தவள் இரண்டையும் விட்டாள். காத்திருப்பதுதான் மருந்து என்று சுலபமாக எழுதிவிடுகிறேன். காத்திருக்க நேரம் வேண்டும். எங்களைப்போன்ற வீடுகளில் நேரம் என்பது ஒருவருடைய கூலி. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. தொடங்கிய இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி. இங்கிருந்து எல்லை தாண்டினால் வரும் மாவட்டம்தான். பிபி, சுகர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கே வருவது அதில் ஓர் அங்கம். படுத்திருப்பவர் ஆஸ்பத்திரியைத் தேடிப் போவதைவிட, நடக்க முடிந்தவர் அவரைத் தேடி வருவதே முறை என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டதை நான் பெரிய அறமாகவே பார்க்கிறேன். இரண்டாம் மாடிகள் நிறைந்த இந்த நகரத்துக்கும் அது வர வேண்டும். வரும்வரை வார்டுக்கு வார்டு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்று பேரில் ஒருவருக்குப் பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருகிறது. அப்பாவுக்கும் வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். பயிற்சிக்குக் கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொள்வார். சோம்பேறித்தனம் என்று நான் ஒருநாள் அதட்டிவிட்டேன். மூளையில் பட்ட அடியே அந்தச் சோர்வைக் கொண்டுவரும், அதற்கும் மாத்திரை உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. மாத்திரை கொடுத்த மூன்று வாரத்தில் எழுந்து உட்கார்ந்தார். அதட்டிய சொல்லை என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை.

பிசியோ பெண் அவரிடம் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். அவர் இடது கையால் சுவரைக் காட்டினார். மறுநாள் அவள் ஒரு நாலு இஞ்சு பிரஷ்ஷும் ஒரு பக்கெட் தண்ணீரும் கேட்டாள். கீழ்வீட்டுக்கு எதிரே பூசாமல் கிடக்கும் காம்பவுண்டுச் சுவர் முன்னால் அப்பாவை நிற்கவைத்து, வலது கையில் பிரஷ்ஷைச் செருகித் துணியால் லேசாகக் கட்டினாள். தினமும் இருபது நிமிடம், தண்ணீரால் பெயின்ட் அடிக்க வேண்டும். முதல் வாரம் சுவரில் ஒரு கோணல் ஈரம்தான் விழுந்தது. மூன்றாம் வாரம் துணி தேவைப்படவில்லை. மேலிருந்து கீழாக இழுத்து, ஓரத்தில் மணிக்கட்டை மடக்கித் திருப்பும் அந்தப் பழைய வீச்சு, பாதியளவு வந்தது. முழுசாக வரவில்லை, இன்னும் ஏணி ஏற முடியாது, சொற்கள் இடறுகின்றன, நாலாவது பட்டனில் கை களைத்துவிடுகிறது.

தண்ணீர்தானே, வெயிலில் காய்ந்துவிடும். மேல் வரிசை முடிப்பதற்குள் கீழ் வரிசை வெளுத்திருக்கும். அவர் அதைப் பார்ப்பார். பிரஷ்ஷைப் பக்கெட்டில் தோய்த்து, விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, மறுபடி மேலே வைப்பார். நேற்று ஸ்கூல் விட்டு வந்த பையன் ஒருவன் நின்று பார்த்துவிட்டு, “தாத்தா, என்ன கலர்?” என்று கேட்டான். அப்பா யோசித்தார். சொல்லைத் தேடுகிறார் என்று தெரிந்தது. எனக்கு அது தெரியும், நாக்கு நுனியில் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பையனும் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு நின்றான்.